மருமகள் காருக்கு நான் ஊற்றிய எண்ணெய்

முதலில் அந்தக் கார் ஓடுகிற அழகைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நான் செய்ததை மட்டும் சொன்னால், யாரோ ஒரு கிழவி ஏதோ ஒரு வண்டியில் எதையோ ஊற்றிவிட்டாள் என்று விட்டுவிடுவீர்கள்.

சிவப்புக் கார். குள்ளமாக, மணலோடு ஒட்டிப் பதுங்கிய நண்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். மருமகள் ஓட்டுவாள், நான் முன்சீட்டில் உட்காருவேன். ஈசிஆரில் மாமல்லபுரம் தாண்டி ரோடு காலியாக இருந்தால் காலை அமுக்குவாள். உடனே ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் போகும். அப்புறம் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு வேகம் வரும் பாருங்கள், என் வயிறு பின்சீட்டுக்கே போய்விடும். சவுக்குத்தோப்பு முழுக்க ஒரே பச்சைக் கோடாகத் தெரியும். நான் வெட்கம் இல்லாமல் "இன்னும், இன்னும்" என்று கத்துவேன். வீட்டுக்கு வந்து இறங்கின பிறகும் வாய் சிரித்துக்கொண்டே இருக்கும். மீன் விற்கிற பெண்கள் "இன்னா, கெயவிக்குப் பேய் புடிச்சிகிச்சா?" என்பார்கள். பேய்தான்.

அந்தத் தள்ளுதலுக்கு டர்போ என்று பெயராம். எஞ்சின் விடுகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டி விசிறி சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அடைத்துத் தள்ளுமாம். மருமகள் சொல்லித்தான் தெரியும். அவள் ஊரப்பாக்கத்துப் பெண். இருபது வருடமாகச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில், செய்து வருகிற சாமான்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரிக்கிற வேலை. அந்த இருபது வருடமும் விடிவதற்கு முன்னால் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். வாயில் இட்லியோடு ஓடுவாள். வேனில் அவளுக்கென்று ஒரு சீட்டு, கடைசி வரிசை, சக்கரத்துக்கு மேலே. இருபது வருடமும் அதே சீட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டே போனாள். போன வருடம் ஒருநாள் கடற்கரைக்கு யாரோ ஓட்டி வந்த சிவப்புக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆறு மாதம் கழித்து அதே மாதிரிக் காரைச் செகண்ட் ஹாண்டில் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். அன்றிலிருந்து வேலைக்கும் அதில்தான் போனாள், வேனை விட்டுவிட்டாள். என் மகனுக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு மீன் ஏற்றுகிற வண்டி வேண்டும். எனக்கு அன்றைக்கே அந்தக் கார் மேல் ஆசை வந்துவிட்டது.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. அவள் காலேஜ் படிக்கிறவள், என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். ஆக்கிக்கொள், ஆனால் சண்டை வந்த இடத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது என் கடை. எங்கள் மீனவக் குப்பத்துக்குள் நுழைகிற இடத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. நைலான் கயிறு, தூண்டில் முள், கிரீஸ், எல்லாவற்றுக்கும் மேலாகப் படகு மோட்டாருக்கு எண்ணெய். முப்பது வருடமாக எண்ணெய் விற்கிறேன். கேனில் இருக்கிற எழுத்து எனக்குத் தெரியாது. சிவப்புக் கேன் டீசல் மோட்டாருக்கு, டிராக்டர் படம் போட்டது கியருக்கு. எண் மட்டும் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. எண்ணெய் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு எனக்கு விரல்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்து, விரலைப் பிரித்தால் நூல் மாதிரி நீள வேண்டும். நீண்டால் எண்ணெய். அறுந்தால் கலப்படம். குப்பத்தில் யார் எண்ணெய் வாங்கினாலும், வெளிக்கடையில் வாங்கினாலும்கூட, என் விரலுக்கு ஒருமுறை காட்டிவிட்டுத்தான் ஊற்றுவார்கள். அதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. அந்த இரண்டு மாதமும் படகெல்லாம் கரையில் கிடக்கும். மோட்டாரைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றுவார்கள். எனக்கு அதுதான் திருவிழா. மருமகளும் அப்போதுதான் காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று கடைக்கு வந்தாள்.

"அத்தை, நம்ம கடையில அஞ்சு முப்பது நம்பர் எண்ணெய் கீதா? கார் புக்குல அதான் போட்டுகீது. கியருக்கு எழுவத்தஞ்சு எம்பது."

"என்கிட்ட இல்லாத எண்ணெயா? இருவது நாப்பது கீது. கியருக்குத் தொண்ணூறு கீது. உன்னுதை வுடப் பெரிசு."

"பெரிசு சின்னதுன்னு இல்ல அத்தை. இந்த வண்டிக்கு அந்த நம்பர்தான்."

"என் எண்ணெய் நடுக்கடலுக்குப் போயி வலையையும் இஸ்துகினு திரும்பி வருது. உன் காரு சிங்கப்பெருமாள் கோயில் வரிக்கும் போவாதா?"

அவள் சிரித்தாள். என் கன்னத்தைக்கூடக் கிள்ளினாள் என்று நினைக்கிறேன். செங்கல்பட்டுக்குப் போய் அந்த நம்பரையே வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குள் முள்ளாக நின்றது. முப்பது வருடம் எண்ணெய் விற்றவள் வீட்டில் இருக்கும்போது வெளிக்கடை எண்ணெயா?

ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. தடைக்காலத்தில் மோட்டாருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வீட்டில் வயதில் மூத்தவள்தான் முதல் எண்ணெயை ஊற்ற வேண்டும். அவள் சொன்னாள்: "காருக்கும் நீங்கதான் ஊத்தணும் அத்தை. ஞாயித்துக்கெழமை. உங்க கையாலதான்." இரண்டு கேனையும் கொண்டுவந்து என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வேலைக்குப் போயிருந்தாள். நான் கேனைத் திறந்தேன். திறக்க வேண்டிய அவசியமே இல்லை. விரல் அரித்தது, அவ்வளவுதான். ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தேன். விரலைப் பிரித்தேன். நூலும் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் மாதிரி வழிந்து முழங்கைக்கு ஓடியது. கியர் எண்ணெயும் அப்படித்தான். ஐயோ, அந்தக் கடைக்காரன் என் மருமகளை ஏமாற்றிவிட்டான் என்று முதலில் கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, உண்மையைச் சொல்கிறேன், ஒரு சந்தோஷமும் வந்தது. பார்த்தாயா, என்னிடம் வாங்கியிருக்கலாம் இல்லையா என்று.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடியும் சிரிப்பாள், புத்தகத்தைக் காட்டுவாள், நான் படிக்கத் தெரியாமல் முழிக்க வேண்டும். அதனால் சொல்லவில்லை. அவள் கேனில் இருந்ததை ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னில் கொட்டினேன். அவள் கேனில் என் சிவப்புக் கேன் எண்ணெயை நிரப்பினேன். கியர் எண்ணெய்க்கு என் டிராக்டர் படக் கேன். மூடியை இறுக்கித் துணியால் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்து மோட்டார் மெக்கானிக் வந்து பழைய எண்ணெயை வடித்தார். நான் மஞ்சள் குங்குமம் வைத்தேன். மருமகள் புனலைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, மூடி சீலு ஒடஞ்சிகீதே?"

"நான்தான் மோந்து பாக்கறதுக்குத் தொறந்தேன்."

"கொஞ்சம் கெட்டியா கீற மாதிரி தெரியிது."

"புது எண்ணெய் அப்பிடித்தாம்மா இருக்கும்."

அந்த ஒரு வார்த்தை. அதுவரைக்கும் நான் செய்தது அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வார்த்தை பொய். அவள் என்னை நம்பித் தலையாட்டினாள், நான் ஊற்றினேன். ஊற்றி முடித்ததும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அந்தத் தண்ணீர் எண்ணெயை என்ன செய்தேன் என்று கேளுங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். கதவுக் கீல், சைக்கிள் செயின், தையல் மிஷின், கிணற்று ராட்டினம் என்று ஆளுக்கு ஒரு கிண்ணம். ஒரு வாரத்தில் எங்கள் குப்பத்தில் ஒரு கதவும் கிறீச் என்று சத்தம் போடவில்லை. ராட்டினம் தொட்டவுடன் சுற்றியது. எதிர்வீட்டுக்காரி "யக்கா, இன்னா எண்ணெய் இது, கதவு தானா தொறந்துக்குது!" என்றாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் ஆனது. காலையில் காரைக் கிளப்பினால் டிக்டிக் என்று ஒரு சத்தம். வண்டி கனத்துக் கிடந்தது. முதுகில் கை வைத்துத் தள்ளுவது போய், நாம் இறங்கித் தள்ள வேண்டுமோ என்கிற மாதிரி ஆனது. வேகம் எடுத்தால் ஊ என்று ஒரு முனகல். காலையில் இரண்டாவது கியர் விழாது, பல்லைக் கடிக்கிற மாதிரி கரகரவென்று உராயும். மருமகள் முகம் ஒவ்வொரு நாளும் சின்னதாகிக்கொண்டே போனது. சாப்பிடும்போதுகூட ஒரு கையால் கியர் போடுகிற மாதிரி காற்றில் அசைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

என் மகனுக்கு வழி கிடைத்துவிட்டது.

"ஈசிஆர்ல பறந்துகினே இருந்தா எந்த வண்டி தாங்கும்? டர்போவ காலி பண்ணிட்ட. கியர ஒடிச்சிட்ட. வித்துட்டு மறு வேலையப் பாரு."

"நான் ஒழுங்காத்தான் ஓட்டுறேன்."

"அப்ப வண்டி தானா கெட்டுப் பூட்ச்சா? யம்மா, நீயே சொல்லு. இவ எப்பிடி ஓட்டுவான்னு நீதான பக்கத்துல குந்திகினு வர்ற."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழம்பு அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

எண்ணெயாக இருக்குமோ என்று எனக்கு அதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் சந்தேகத்தை வெளியே விடாமல் உட்கார்ந்துகொண்டேன். மகன் அணுபுரத்தில் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டான். வெள்ளிக்கிழமை வந்து காரை எடுத்துக்கொள்வார்கள். மருமகள் வேன்காரனுக்குப் போன் போட்டு, "அண்ணே, என் எடம் இன்னும் காலியாத்தான் கீதா?" என்று கேட்டாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் தூக்கம் கெடுகிறது.

விற்பதற்கு முன்னால் ஒருமுறை காட்டிவிடலாம் என்று புதன்கிழமை செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்புக்குப் போனோம். மகனும் மருமகளும் முன்னால், நான் பின்னால். மெக்கானிக் நடு வயது ஆள். வண்டியைத் தூக்கி, அடியில் திருகைக் கழற்றினார். எண்ணெய் கொட்டாமல் கயிறாக இறங்கியது. விரலில் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, போட்டுக்கு ஊத்துற எண்ணெய காருக்கு ஊத்தி வச்சிகீறீங்க?"

"இல்லண்ணே, புக்குல போட்டிருக்கிறததான் வாங்குனேன். அஞ்சு முப்பது. கேனு, பில்லு எல்லாம் கீது."

"கேனு கரெக்ட்டா இருக்கும். உள்ள கீறது டூப்ளிகேட். எவனோ உன்ன நல்லா ஏமாத்திகீறான்."

மருமகள் முகத்தில் அன்றைக்குத்தான் நான் கோபத்தைப் பார்த்தேன். பையில் இருந்து பில்லை எடுத்தாள். நடந்து போகிற தூரத்தில்தான் கடை. விறுவிறு என்று நடந்தாள், மகன் பின்னால், நான் அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு. பஸ் ஸ்டாண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். இந்த வயதில் எங்கே ஓடுவது, பஸ் போர்டுகூடப் படிக்கத் தெரியாது.

கடைக்காரர் என் வயதுதான் இருப்பார். மூக்குக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"ஏன் சார், டூப்ளிகேட் எண்ணெய குடுத்து என் வண்டிய நாசம் பண்ணிட்டீங்களே, நல்லா கீறீங்களா?"

"இன்னாம்மா சொல்ற? என் கடையில டூப்ளிகேட்டா?"

"மெக்கானிக்கு வடிச்சிக் காமிச்சாரு. கயிறு மாதிரி எறங்குது. டர்போ போயி, கியர் போயி, வெள்ளிக்கெழமை வண்டியே போவுது."

நின்றிருந்தவர்களில் ஒருவர் வாங்கின கேனை மெதுவாகத் திருப்பிக் கல்லா மேல் வைத்தார். கடைக்காரர் அதைப் பார்த்தார். அலமாரியில் இருந்து ஒரு புதுக் கேனை எடுத்து, எல்லோர் முன்னாலும் மூடியின் சீலை உடைத்து, தன் உள்ளங்கையில் ஊற்றினார். தண்ணீர் மாதிரி விரல் இடுக்கில் வழிந்தது. அந்த வெள்ளைச் சட்டையின் கைமடிப்பெல்லாம் எண்ணெயானது.

"இதாம்மா நான் குடுத்தது. நீயே தொட்டுப் பாரு." அவர் கை ஆடியது.

எண்ணெய் விற்கிறவளுக்கு அந்த ஆட்டம் தெரியும். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் ஒருவன் என் கடை வாசலில் நின்று, கலப்பட எண்ணெய் விற்கிறாள் என்று கத்தினான். அவன் மோட்டார் கெட்டதற்கு வேறு காரணம் என்று மறுநாளே தெரிந்துவிட்டது, ஆனாலும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையே நான் இந்த மனிதருக்குச் செய்துகொண்டிருந்தேன். மருமகளின் வாயால் செய்துகொண்டிருந்தேன்.

"அவரு மேல தப்பு இல்லம்மா," என்றேன். மருமகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். மறுபடி சொன்னேன். "அவரு குடுத்தத நான் மாத்திட்டேன். நம்ம கடை எண்ணெயதான் ஊத்தினேன். கியருக்கும்."

"இன்னா அத்தை சொல்றீங்க?"

"தண்ணி மாதிரி இருந்திச்சி. கலப்படம்னு நெனச்சேன்."

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "யம்மா! இத்தினி நாளா நான் இவளத் திட்டிகினு கீறேன். நீ பாத்துகினே குந்திகினு இருந்தியா?"

"ஆமாடா."

நான் கடைக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்களும் எண்ணெய்க் கடையா? எத்தினி வருஷமா?" என்று கேட்டார்.

"முப்பது."

"முப்பது வருஷமா!" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். டர்போ விசிறி, நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுமாம். அதற்கு எண்ணெய் போகிற வழி குச்சி நுழைகிற அளவுதான். வண்டியைக் கிளப்பின அந்த நொடியே எண்ணெய் அங்கே ஓடிப் போய்ச் சேர வேண்டும், கெட்டி எண்ணெய் நடந்துதான் போகும் என்றார். கேனில் இருக்கிற முதல் எண், ஆறிக் கிடக்கிற வண்டியில் எண்ணெய் எவ்வளவு சுருக்காக ஓடும் என்பதற்கு; சின்னதாக இருந்தால் சுருக்கு. இரண்டாவது எண், சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. பெரிய எண் நல்ல எண்ணெய் என்று அர்த்தமே இல்லை. கியரில் வேறு ஒரு சங்கதி. இந்த வண்டியில் கியர் மாறும்போது ஒரு பித்தளை வளையம் உரசிப் பிடிக்க வேண்டுமாம். நான் ஊற்றியது அதைப் பிடிக்க விடாமல் வழுக்கும், அதில் இருக்கிற மருந்து போகப் போகப் பித்தளையைத் தின்னும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். முப்பது வருடத்தில் ஒருவரிடமாவது அந்த எண்கள் என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே.

மருமகள் மறுபடி அதே எண்ணெய் வாங்கினாள். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் எனக்கு முன்னால் கேட்டுவிட்டாள். ஒர்க் ஷாப்பில் புது எண்ணெய் ஊற்றும்போது என்னை ஊற்றச் சொல்லவில்லை. நானும் கிட்டே போகவில்லை.

மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "டர்போ பொழச்சிகிச்சி. இன்னும் ஒரு மாசம் வுட்டிருந்தா அவ்ளோதான். ரெண்டாவது கியரு வளையம் மட்டும் தேஞ்சிகீது. ஓடும். ஆனா லேசா ஒரு கரகரப்பு இருக்கும்."

திரும்பி வருகிற வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மருமகள் வண்டியை ஓரமாக நிறுத்தி, போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி, பின்னால் நீட்டினாள்.

"அணுபுரத்துக்காரு. நீங்களே சொல்லுங்க."

"நான் இன்னாம்மா சொல்றது?"

"நடந்ததச் சொல்லுங்க."

சொன்னேன். முன்பின் தெரியாத மனிதரிடம், நான் யார், என்ன கடை, எப்படி மாற்றினேன், எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று முதலில் இருந்து சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். "அப்ப வண்டி நல்லாத்தான் இருக்குன்றீங்க. நான் எடுத்துக்கறேனே ஆயா," என்றார். நான் வண்டியைப் பற்றிப் பேச வாய் எடுத்துவிட்டு, போனை முன்னால் கொடுத்தேன். அது என் வண்டி இல்லை.

"விக்கல சார்," என்றாள் மருமகள். என் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்கப்புறம் அவள் என்னோடு சரியாகப் பேசப் பத்து நாள் ஆனது. பதினோராவது நாள் வாசலில் நின்று ஹாரன் அடித்தாள். "வர்றீங்களா இன்னா?" என்று கேட்டாள். ஓடிப் போய் ஏறினேன். முதுகில் அந்தக் கை மறுபடி வந்தது. கத்த வேண்டும் போல இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடையில் யாராவது எண்ணெயை விரலுக்குக் காட்டினால், மோட்டார் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, படித்துக் காட்டப் பேத்தியைக் கூப்பிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். காரில் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி குறைந்து இரண்டாவது கியர் விழுகிற நேரம் லேசாக ஒரு கரகரப்புக் கேட்கிறது. மருமகள் என் பக்கம் திரும்பாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறாள். எங்கள் குப்பத்தில் இருந்து மாமல்லபுரம் போவதற்குள் ஏழு வேகத்தடை இருக்கிறது.